மருந்துக்கும் ஒரு முறை வேண்டும்

சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்து சேர்ந்த பிறகு, சேத்தியாத்தோப்பைச் சுற்றி வெள்ளாற்றங்கரையில் உள்ள ஊர்களிலும், வீராணம் ஏரியின் பாசனத்தை நம்பி வாழும் கிராமங்களிலும், ஈரம் உலருமுன் நிலத்தைச் சும்மா விடலாகாது என்ற பரம்பரை விவேகத்தினால், உழவர்கள் தாளடியில் உளுந்தும் பயறும் தெளிப்பதும், மேட்டுப்பாங்கான வயல்களில் எள் விதைப்பதும் நெடுங்கால வழக்கம். உளுந்து வீட்டுக்கும் சந்தைக்கும் உதவுகிறது. எள்ளோ, மிகுந்த நீரும் மிகுந்த உரமும் கேளாமல், 80, 85 நாட்களுக்குள் ரொக்கமாகத் திரும்பி வருகிறது. ஒரு காணி எள்ளுக்கு என்ன செலவாயிற்று என்று கேட்டால், உழவுக்கூலி, விதை, செடி கலைத்த கூலி, களையெடுப்பு, மருந்து, அறுப்பு, அடிப்பு என்று ஒன்று விடாமல் சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கில் என்றைக்கும் ஏறாத கூலியாள் ஒன்று உண்டு; கூலி கேளாத காரணத்தினாலேயே அதன் பெயர் கணக்கில் இல்லை. தேனீயைத்தான் சொல்கிறேன்.

எண்ணெய்வித்துப் பயிர்களின் மகசூலிலும் தரத்திலும் தேனீக்கு உள்ள பங்கு விஞ்ஞானிகளுக்குப் புதிய விஷயமன்று. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் அதனைப் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். ஆனால் படிப்பில் உள்ள இந்த உண்மை வயலின் நடைமுறைக்கு வந்து சேரவில்லை. சேராததற்குக் காரணம் உழவரின் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. என் அபிப்பிராயத்தில் காரணம் வேறு. தேனீயைத் தனியொரு உழவர் தம் வரப்புக்குள் காப்பாற்ற இயலாது. அது ஊர் கூடிக் காக்கவேண்டிய பொதுச்சொத்து. ஆற்றுநீர் அத்தகைய பொதுச்சொத்து என்பதை உணர்ந்து, அதற்கு மதகும் முறையும் ஏற்படுத்தி, முறை தவறியவரைப் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்ட நம் சமுதாயம், பயிருக்கு அடிக்கும் மருந்துக்கு எந்த முறையும் வைக்கவில்லை. அந்தக் குறையை இனியேனும் நீக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எள்ளுப்பூவை அதிகாலையில் சென்று பார்க்கவேண்டும். புலவர்கள் நாசிக்கு உவமை கூறிய அந்தப் பூ, இலைக்கணுவில் சற்றே தலைகவிழ்ந்து, வெளுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு குழலாகத் தொங்குகிறது. மகரந்தப் பைகள் மொட்டு விரிவதற்குச் சற்று முன்னரே வெடிக்கின்றன. விடியலை ஒட்டிப் பூ விரிகிறது. அன்று மாலைக்குள் குழல் கழன்று மண்ணில் விழுந்துவிடுகிறது. ஆக, அதன் ஆயுள் ஒரு பகற்பொழுது. குழலின் கீழிதழ் சற்று நீண்டு, வருகிற பூச்சி அமர்வதற்கு வாகாக இருக்கிறது; மகரந்தத் தாள்கள் நான்கும் சூல்தண்டும் குழலின் மேற்புறத்தை ஒட்டி நீண்டிருக்கின்றன. தேனை நாடி உள்ளே நுழையும் ஈயின் முதுகு அந்தத் தாள்களில் உராய்கிறது. வெண்பொடி முதுகில் படிகிறது. அடுத்த பூவில் நுழையும்போது அதே முதுகு அங்குள்ள சூல்முடியைத் தடவிவிட்டு வருகிறது. இவ்வளவும் ஒரு பூவில் சில விநாடிகளில் முடிந்துவிடும். பூக்காம்பின் அடியில் மஞ்சள் நிறத்தில் சிறு தேன்சுரப்பிகள் இருப்பதால், பூவுக்குள் நுழையாத எறும்புகளும் அங்கே கூடுகின்றன. காலை வெயில் ஏறத்தொடங்கியதும் கொம்புத்தேனீயும் பொந்துத்தேனீயும் கொசுத்தேனீயும் கருவண்டும் வரிசைதோறும் நுழைந்து நுழைந்து வெளிவருவதை, மருந்து படாத வயலாக இருந்தால், வரப்பில் நின்றே காணலாம்.

“எள்ளுக்கு எதற்கய்யா தேனீ? தானே பூத்துத் தானே காய்க்கிற பயிர்தானே?” என்று கேட்பவர் உண்டு, அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. எள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். அயல் மகரந்தத்தால் சூல்கொள்வது சாதாரணமாக 10 சதவீதத்துக்குள் அடங்கும் என்றும், பூச்சிகள் மிகுந்த இடத்தில் அது பன்மடங்கு உயரும் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். ஆயினும் தானே காய்ப்பது வேறு, நிறையக் காய்ப்பது வேறு. ஓர் எள்ளுக்காய்க்குள் நாலு வரிசையாகப் பல பத்து சூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு சூலும் விதையாவதற்கு ஒரு மகரந்தத்துகள் தனியே வேண்டும். சூல்முடியில் போதிய துகள் விழாத பூ காய்க்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் காயைப் பிளந்தால் சில அறைகளில் மணியும் சில அறைகளில் வெறும் தோலும் இருக்கும். தேனீயின் வருகை துகளின் தொகையைப் பெருக்குகிறது. அயற்செடியின் துகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் காய் பிடிப்பதும் காய்க்குள் மணி நிரம்புவதும் கூடுகின்றன. சுயமகரந்தச் சேர்க்கை என்பது பயிரின் குறைந்தபட்ச ஏற்பாடு. அதையே முழு ஏற்பாடாக எண்ணியதால் வந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

எல்லா எண்ணெய்வித்துக்கும் தேனீ ஒரே அளவில் வேண்டும் என்று சொன்னால் அது மிகையாகும். விருத்தாசலத்துச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலை, விரியுமுன்பே பெரும்பாலும் சூல்கொண்டு, விழுதை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற பயிர். அதற்குத் தேனீயின் தயவு சிறிதளவே வேண்டும். ஆமணக்குக்குக் காற்றே பெரும் துணை. கடுகும் எள்ளும் இடைநிலையில் நிற்கின்றன. தென்னை, ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு காலத்தில் பக்குவமடைவதால், காற்றோடு தேனீயையும் எதிர்பார்க்கிறது. 2007ஆம் ஆண்டில் அலெக்ஸாண்ட்ரா மரியா க்ளைன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவர் சகாக்களும் உலகின் முக்கியமான 115 உணவுப் பயிர்களை ஆராய்ந்து, அவற்றுள் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவில் பூச்சி முதலிய உயிரினங்களின் மகரந்தச் சேவையைச் சார்ந்துள்ளன என்று கண்டனர். அந்தச் சேவை அறவே நின்றுபோனால் எந்தப் பயிர் எவ்வளவு குறையும் என்றும் அவர்கள் வகுத்தார்கள். நிலக்கடலை 10 சதவீதத்துக்கும் குறைவாக நஷ்டப்படும் வகுப்பிலும், எள்ளும் சூரியகாந்தியும் கடுகினமும் 10 முதல் 40 சதவீதம் வரை நஷ்டப்படக்கூடிய வகுப்பிலும் வைக்கப்பட்டன. உரமூட்டையைக் கூட்டிப் போட்டு 10 சதவீதம் அதிகம் காண்பதற்கு எத்தனை பாடுபடுகிறோம் என்பதை நினைத்தால், இந்த எண்களின் கனம் விளங்கும்.

சூரியகாந்தியின் சரித்திரம் இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடம். 1969ஆம் ஆண்டில் ருஷிய ரகங்கள் நம் நாட்டுக்கு எண்ணெய்க்காகக் கொண்டுவரப்பட்டபோது, குறுகிய காலத்தில் எந்தப் பருவத்திலும் விளையக்கூடிய பயிர் என்று மிகுந்த நம்பிக்கை பிறந்தது. ஆனால் பயிரிட்ட உழவர் பலர் கண்டது, வட்டமான பெரிய பூத்தலையின் நடுவில் மணி பிடிக்காமல் பதராய்ப் போன வட்டம். சூரியகாந்தித் தலையில் உள்ள நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாளுக்குச் சில வரிசைகளாக மலர்கின்றன. ஒவ்வொன்றும் முதலில் மகரந்தத்தை வெளியிட்டு, அதன்பின் சூல்முடியை விரிக்கிறது. அந்த ரகங்களில் தன் மகரந்தம் தனக்கு ஒத்துக்கொள்வதும் அரிது. வேறொரு தலையின் மகரந்தத்தை யாரேனும் கொண்டுவந்து சேர்த்தாலொழிய மணி இல்லை. ஆகவேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் எக்டேருக்கு 5 தேனீப்பெட்டிகள் வைக்கச் சொன்னார்கள். அது இயலாதவர்கள் காலை நேரத்தில் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூத்தலைகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தேய்த்துவிடலாம் என்றும், அதனை ஒன்றுவிட்ட ஒருநாள் திரும்பச் செய்யவேண்டும் என்றும் கூறினார்கள். ஈ இலவசமாகச் செய்த வேலையை மனிதன் கூலி கொடுத்துச் செய்விக்க நேர்ந்த விநோதம் அது. பிற்பாடு தன் மகரந்தத்தையும் ஏற்கும் வீரிய ஒட்டு ரகங்கள் வந்து நிலைமையை ஓரளவு சீராக்கின என்பது மெய்யே; அந்த ரகங்களிலும் தேனீ வந்த தலை வராத தலையைவிட நன்கு நிரம்புகிறது என்பதும் மெய்யே. 1990களில் 25 லட்சம் எக்டேருக்கு மேல் பரவியிருந்த இந்தியச் சூரியகாந்தி இன்று சில லட்சங்களுக்குள் சுருங்கிவிட்டது. விலை, நோய், பறவைத் தொல்லை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. நிரம்பாத தலையும் அவற்றுள் ஒன்று.

மகசூலைப்பற்றிப் பேசுகிறவர்களும் தரத்தை மறந்துவிடுகிறார்கள். சுவீடன் தேசத்தில் ரிக்கார்டோ பொம்மார்கோவும் அவருடைய சகாக்களும் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் என்ற எண்ணெய்வித்தை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சில செடிகளைப் பூச்சி நுழையாதபடி வலையிட்டு மூடியும், சிலவற்றைத் திறந்துவிட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூச்சிகள் வந்துபோன செடிகளில் விதையின் எடை 18 சதவீதம் கூடியது. சந்தை மதிப்போ 20 சதவீதம் கூடியது. எடையைவிட மதிப்பு அதிகம் கூடியதற்குக் காரணம், அந்த விதைகளில் எண்ணெய்ச்சத்து மிகுந்தும், முதிராத விதைக்கு அடையாளமான பச்சையம் குறைந்தும் இருந்ததுதான். உரிய காலத்தில் சூல்கொண்ட செடி, பூப்பதை நிறுத்திவிட்டுக் காயை முதிர்விப்பதில் முனைகிறது. சூல்கொள்ளாத செடியோ மேலும் மேலும் பூத்துக்கொண்டே போகிறது. அறுவடையன்று அதில் முற்றலும் பிஞ்சும் கலந்து கிடக்கின்றன.

அந்தக் குளிர்நாட்டுப் பயிருக்குச் சொன்னது நம் எள்ளுக்கும் பொருந்துமா என்பதை எள் அறுத்தவர்களே சொல்லட்டும். எள்ளுச்செடியில் கீழ்க்காய் பழுத்து வெடிக்கத் தயாராக நிற்கும்போது மேல்முனையில் இன்னும் பூ இருக்கும். முன்னதாக அறுத்தால் மேற்காய்கள் சூம்பிப்போகும்; தாமதித்தால் கீழ்க்காய் வெடித்து மணி மண்ணில் கொட்டிவிடும். எந்த நாளில் அறுப்பது என்று நிர்ணயிப்பதே எள் சாகுபடியின் பெரிய சூட்சுமம். காய்கள் முன்பின்னாக முதிராமல் ஒருசேர முதிருமானால், அறுத்துப் போரிட்டு, சில நாள் கழித்துப் புரட்டி உலர்த்தித் தட்டும்போது உதிர்வதெல்லாம் திரண்ட மணியாக இருக்கும். விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு வரும் வியாபாரி, மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, மெதுவாக ஊதிப் பார்க்கிறார். பறந்துபோவது சாவி, நிற்பது எண்ணெய். அவர் சொல்லும் விலை அந்த ஊதலில் நிர்ணயமாகிறது. செக்குக்காரருக்கும் இது தெரியும். சூம்பிய எள்ளை ஆட்டினால் புண்ணாக்கு மிகும், எண்ணெய் குறையும். முற்றாத மணி கலந்த எள்ளின் எண்ணெயில் கைப்பும் காரலும் சீக்கிரம் தலைகாட்டும்.

இனித் தேசத்தின் கணக்குக்கு வருவோம். நம் நாடு உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது கப்பலில் வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 160 லட்சம் டன் எண்ணெயை அயல்நாடுகளிலிருந்து வாங்குகிறோம்; 2022இல் உக்ரைனில் யுத்தம் மூண்டபோது புவனகிரி மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியதை இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தப் பரதேச சார்பைப் போக்க 1986இல் மத்திய சர்க்கார் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாய் மதிப்பில் மற்றொரு தேசிய இயக்கத்துக்கு அனுமதி அளித்து, 2030-31க்குள் எண்ணெய்வித்து உற்பத்தியை 697 லட்சம் டன்னாக உயர்த்துவதென்று குறிக்கோள் வைத்துள்ளது. நல்ல விதை, புதிய ரகம், விஸ்தீரணத்தைப் பெருக்குதல் ஆகியவற்றில் இத்திட்டங்கள் காட்டும் அக்கறையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தேனீ வளர்ப்புக்கும் தேனுக்கும் 500 கோடி ரூபாயில் வேறொரு தேசிய இயக்கம் 2020-21இல் தொடங்கப்பட்டது. ஆனால் எண்ணெய்வித்துக்காரர்கள் ஒரு பக்கமும் தேனீக்காரர்கள் மற்றொரு பக்கமும் தத்தம் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்க, பூ இருக்கும் வயலும் பூவைத் தேடும் ஈயும் ஒரே கிராமத்தில்தான் இருக்கின்றன என்ற சாமான்ய உண்மை இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

இப்பிரதேசத்தில் தேனீக்கு நேர்ந்த கஷ்டங்கள் மூன்று. முதலாவது வீடு. பொந்துத்தேனீக்குப் பழைய மரத்தின் பொந்தும், மலைத்தேனீக்கு உயர்ந்த கிளையும், கொம்புத்தேனீக்கு வேலிப்புதரும் வேண்டும். சாலைகளை அகலப்படுத்தியதில் ஓரத்துப் புளியமரங்கள் போயின, வேலிகள் போய்க் கம்பிகள் வந்தன, மலைத்தேனீ வேறு வழியின்றி மேல்நிலை நீர்த்தொட்டியில் அடைகட்டினால் தீவட்டி பிடித்து எரித்துவிடுகிறோம். இரண்டாவது உணவு. சம்பாப் பருவத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல், நெற்பூவில் தேனில்லை. அந்த மாதங்களில் வரப்புத் தும்பையும் தோப்புத் தென்னையுமே தேனீயை உயிரோடு வைத்திருக்கின்றன. வரப்பை மழித்துக் களைக்கொல்லி தெளிக்கும் புதிய வழக்கம் அந்தச் சிறு ஆதாரத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டுமே மெல்லக் கொல்லும் கஷ்டங்கள். மூன்றாவதான மருந்து, ஒரே காலைப்பொழுதில் கொல்கிறது.

எள்ளில் இலைகளைப் பிணைத்துக்கொண்டு தின்னும் புழு, பூவையும் பிஞ்சையும் துளைப்பதால், உழவருக்குப் பூப்பருவத்தில்தான் மருந்தடிக்கும் எண்ணம் வலுக்கிறது. பூவெல்லாம் இலையாக மாறிவிடும் பூவிலை நோயைப் பரப்புகிற தத்துப்பூச்சிக்கும் பயந்து அடிக்கிறார். பக்கத்து உளுந்து வயலுக்காரரோ மஞ்சள் தேமல் நோயைக் கொண்டுவரும் வெள்ளை ஈக்காக அடிக்கிறார். வெயிலுக்கு முன் வேலையை முடித்துவிடலாம் என்று விசைத்தெளிப்பானைத் தோளில் ஏற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்கு இறங்குகிறார்கள். எள்ளுப்பூ விரிந்து, தேனீ வேலைக்கு வருகிற நேரமும் அதுவே. எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று பழமொழி கேட்கிறது; பயிரைத் தின்ற புழு தன் வினைக்காகச் சாகிறது, பயிரை விளைவிக்க வந்த ஈ எதற்காகச் சாகவேண்டும்?

மருந்து டப்பாவைப் பார்த்து வாங்குகிற எச்சரிக்கையான உழவருக்கும் இங்கே சரியான தகவல் கிட்டுவதில்லை. டப்பாவின் மேலுள்ள சதுரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறங்கள் உள்ளன. ஆனால் அந்நிறங்கள் மனிதர் முதலிய பாலூட்டிகளுக்கு எவ்வளவு அபாயம் என்பதையே காட்டுகின்றன. தேனீக்கு எவ்வளவு அபாயம் என்பதைக் காட்டுவதில்லை. தயாமீத்தாக்சம் என்ற மருந்து நீல நிறத்தில், அதாவது நடுத்தர நஞ்சென்ற வகுப்பில் விற்கிறது. தேனீக்கு அது கொடிய விஷம். இமிடாகுளோபிரிடு, குளோத்தியானிடின் என்ற இரண்டோடு சேர்த்து அதனை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் 2013இல் பல பயிர்களில் தடுத்து, 2018இல் திறந்த வயல்களில் உபயோகிப்பதை அறவே விலக்கியது. நீலத்தைக் கண்டு சாதுவான மருந்து என்று நம்பும் உழவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேனீயின் படத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறியை டப்பாவில் பெரிதாகப் பதிக்கச் செய்வது சர்க்காருக்குப் பெரிய காரியமும் அன்று.

இதற்கெல்லாம் பரிகாரமாக உத்தியோகஸ்தர்கள் முதலில் நினைப்பது பெட்டி. மானியத்தில் தேனீப்பெட்டி வழங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. பெட்டியில் தேனீ வளர்க்கும் கலை நமக்கு அந்நியமானதன்று. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 1911ஐ ஒட்டிய ஆண்டுகளில், நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கேற்ற சிறு பெட்டியை வகுத்துக் கிராமத்தாருக்குப் பழக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. மார்த்தாண்டத்துப் பக்கம் அத்தொழில் குடிசைத்தொழிலாகவே தழைத்தது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டில் பரவி, நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியைச் சில மாதங்களில் அழித்தபோது, பெட்டியை மட்டுமே நம்பிய ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது வெளிப்பட்டது. சேத்தியாத்தோப்புப் பிரதேசத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெட்டித் தேனீக்குப் போதிய பூவில்லை. பூவுள்ள வேறிடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். தெரியாதவர் வாங்கிய பெட்டியை மாசி மாதத்தில் திறந்தால் உள்ளே மெழுகுப்புழுதான் இருக்கும். பயிற்சி பெற்ற சிலருக்குப் பெட்டி கொடுப்பது நல்லதே. ஆனால் நம் எள்ளைச் சூல்கொள்ள வைப்பவை பெரும்பாலும் எவரும் வளர்க்காமல் வரப்பிலும் வேலியிலும் தாமே வாழும் ஈக்கள். அவற்றை உயிரோடு விடுவதே முதல் உதவி.

உயிரோடு விடுவது ஒருவரால் ஆகிற காரியமா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பொந்துத்தேனீ தன் கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் சென்று இரைதேடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 எக்டேர்; ஏறத்தாழ 775 ஏக்கர். தலைக்கு 2 ஏக்கர் என்று கொண்டால், ஒரு கூட்டுத் தேனீயின் உயிர் கிட்டத்தட்ட 390 உழவர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் 389 பேர் ஒழுங்காக இருந்து, ஒருவர் காலை எட்டு மணிக்கு மருந்தடித்தாலும் கூடு பாழாகலாம். ஆகவேதான், “நான் ஒருவன் மாலையில் அடித்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்கும் உழவர் சோம்பேறியும் அல்லர், சுயநலக்காரரும் அல்லர், நிலைமையைச் சரியாகக் கணித்தவர்.

இந்த இடத்தில்தான் வெள்ளாற்று அணைக்கட்டும் வீராணமும் நமக்கு வழிகாட்டுகின்றன. சோழர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்த ஏரியின் நீர் ஆயிரம் ஆண்டுகளாகக் கடைமடைவரை சென்றிருக்கிறதென்றால், அது ஏரியின் அகலத்தால் மட்டும் ஆனதன்று. தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டால் ஆனது. கூலி வாங்காமல் ஊரார் கூடி வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்தும் அந்தக் கட்டுப்பாட்டின் இன்னொரு முகமே. முறை என்பதன் மகிமை, மற்றவர்களும் கட்டுப்படுவார்கள் என்ற நிச்சயத்தை ஒவ்வொருவருக்கும் தருவதில் இருக்கிறது; அந்த நிச்சயம் இருந்தால் எவரும் தம் பங்கைச் செய்ய முன்வருவார். மருந்து விஷயத்தில் நமக்கு வேண்டியது அந்த நிச்சயம்.

முறை இன்னதென்று சொல்வதும் கடினமன்று. எள் பூக்கும் வாரங்களில், அதாவது மாசிப் பிற்பகுதியிலும் பங்குனியிலும், எள்ளுக்காயினும் உளுந்துக்காயினும் பருத்திக்காயினும், மாலை நான்கு மணிக்கு முன் எவரும் மருந்தடிப்பதில்லை என்று ஊர் தீர்மானிக்க வேண்டும். எள்ளுப்பூ அந்நேரத்துக்குள் உதிர்ந்துவிடும். தேனீயும் பெரும்பாலும் கூடு திரும்பியிருக்கும். தெளித்தது இரவில் உலர்ந்து, மறுநாள் விரியும் புதுப்பூவின் உட்புறம் நஞ்சுபடாமல் இருக்கும். செடியின் உடலுக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும் வகை மருந்துகளுக்கு இந்த நேரக்கட்டுப்பாடு போதாது; அவற்றை மொட்டு வந்த பிறகு அறவே தொடாதிருப்பதே முறை. வாய்க்கால் கரையிலும் பொது வரப்பிலும் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கோயில் ஒலிபெருக்கியில் ஒரு வாரம் சொன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

இதற்கு ஆட்சேபணைகள் உண்டு. மாலையில் ஆள் கிடைப்பதில்லை என்பார்கள். காலைக் கூலிக்கு வருகிறவர் மாலையில் வர மறுப்பது உண்மையே. ஊர் முழுவதும் மாலை வேலையாக மாறினால், கூலியாட்களும் டிரோன் வைத்திருப்பவர்களும் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கேட்கும்போதுதான் அது இயலாத காரியமாகிறது. மாலைக் காற்று அதிகம் என்பார்கள். காற்றுள்ள நாளில் காலையிலும்தான் மருந்து பக்கத்து வயலுக்குப் பறக்கிறது. பூச்சி பெருகிப் பயிர் போய்விட்டால் யார் பொறுப்பு என்பார்கள். மருந்தையே அடிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். புழு மாலையிலும் அதே செடியில்தான் இருக்கிறது.

எவர் சொல்லையும் நம்பவேண்டாம், பிரத்தியட்சமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியிருக்கிறது. எள் மொட்டு வைக்கும் சமயத்தில், வயலின் நடுவே நாலைந்து செடிகளுக்கு நான்கு கழி நட்டுக் கொசுவலைத் துணியால் ஈ நுழையாதபடி கூடாரம் கட்டிவிட வேண்டும். அறுவடையன்று அவற்றின் காய்களையும், அருகில் திறந்து நின்ற அதே உயரமுள்ள செடிகளின் காய்களையும் தனித்தனியே எண்ணி, உரித்து, மணியை நிறுத்துப் பார்க்கவேண்டும். வித்தியாசம் இல்லையென்றால், அந்த வயலில் தேனீ வருவதே இல்லையென்று அர்த்தம் செய்துகொள்ளவும் இடமுண்டு. அதுவும் ஓர் உபயோகமான செய்திதான். விருத்தாசலத்தில் எள்ளுக்கும் நிலக்கடலைக்கும் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் ரகங்கள் தந்த மண்டல ஆராய்ச்சி நிலையமும், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலமும் இப்பிரதேசத்துக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. அவர்களுடைய மாணவர்கள் பத்துக் கிராமங்களில் பத்து வலைகளைக் கட்டி, முடிவை உழவர் முன்னிலையிலேயே நிறுத்துக் காட்டினால், நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததை அந்தத் தராசு செய்யும்.

ஜீவகாருண்யத்தை உபதேசித்த வள்ளலார் 1867இல் தருமசாலை அமைத்த வடலூர், சேத்தியாத்தோப்பிலிருந்து அதிக தூரமில்லை. தேனீயின்மேல் இரக்கம் கொள்ளுங்கள் என்று அவர் பெயரால் வேண்டிக்கொள்ளவும் நியாயமுண்டு. நான் அந்த வழியில் செல்லவில்லை. இரக்கத்தை வேண்டினால் இரக்கமுள்ளவர் மட்டும் செவிசாய்ப்பர். இங்கே 390 பேரும் செவிசாய்த்தாக வேண்டும். ஆதலால் வரவு செலவுக் கணக்கையே முன்வைத்தேன்: விதைக்கும் உரத்துக்கும் போலச் செலவு ஏதுமின்றி, நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, மணியைக் கூட்டிச் சாவியைக் குறைக்கும் உபாயம் ஒன்று இருக்க, அதனை விட்டுவிடுவது உழவருக்கு அழகன்று.

ஜனவரி 26ஆம் நாள் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. சம்பா கதிர் சாய்ந்து, எள்ளுக்கு விதை தேடும் நாட்களும் அவையே. மாலை நான்கு மணிக்கு முன் மருந்தில்லை என்ற ஒற்றைத் தீர்மானத்தைச் சேத்தியாத்தோப்பு, புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராம சபைகள் அன்று நிறைவேற்றட்டும். வேளாண்மை உதவி அலுவலர்கள் அதனை எழுதிக்கொண்டுபோய், உரக்கடைகளில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கட்டும். மீறியவரிடம், நீர்முறை மீறியவரிடம் கேட்பதுபோலவே, ஊரார் காரணம் கேட்கட்டும். இரண்டு பருவம் இதை நடத்திப் பார்த்து, விற்பனைக் கூடத்து எடைச்சீட்டை முந்திய ஆண்டின் சீட்டோடு வைத்துப் பார்த்த பிறகு, வேண்டாமென்று தோன்றினால் அதே சபை அதே தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம்.